அத்தியாயம் 7: கியர்பாக்ஸ் இறங்கும் நாள்

கிளட்ச் போய்விட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது, "பிளேட் என்ன விலை?" என்றுதான். "கியர்பாக்ஸ் இறக்கி ஏற்ற என்ன கூலி?" என்பதை முதலில் கேளுங்கள். மாருதி 800 போன்ற சின்ன வண்டி என்றால் கைதேர்ந்த மெக்கானிக் காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிடுவார். கொஞ்சம் பெரிய டீசல் செடான் என்றால் டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், மவுன்ட், சிலவற்றில் சப்ஃப்ரேம்கூட இறங்க வேண்டும். ஒரு நாள் போதாது. மலிவாகக் கிடைத்ததென்று ஏதோ ஒரு செட்டைப் போட்டு, ஆறே மாதத்தில் மறுபடி இறக்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் இரண்டாவது கூலியில் கரைந்துபோகும். அலுவலகம் போக வண்டி இல்லாமல் தவிக்கும் நாட்கள் தனி. பத்துப் பதினைந்து வருடம் ஓடி, இன்னும் தினமும் தெருவில் இறங்குகிற வண்டிக்கு எதை வாங்குவது, எதை மாற்றாமல் விடுவது என்று முடிவு செய்ய எனக்கு இந்த ஒரு கணக்குதான் இதுவரை உதவியிருக்கிறது: ஒருமுறை இறக்கினால் அடுத்த பல வருடத்துக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது.

முதலில், கிளட்ச்தானா?

கிளட்ச் ஸ்லிப் ஆவதைக் கண்டுபிடிக்கக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. சென்னை கத்திப்பாரா மேம்பாலம் மாதிரி ஓர் ஏற்றத்தில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில், குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் பிடிக்காவிட்டால் பிளேட் வழுக்குகிறது. பொசுங்கின வாடையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். பெடல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வந்திருந்தால் அதுவும் பிளேட் தேய்ந்ததன் அடையாளம். பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் ஸ்பிரிங் படுக்கும் கோணம் மாறுகிறது. அதை அமுக்கக் காலுக்குக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது.

மற்றக் கோளாறுகளில் அவசரப்படாதீர்கள். ரிவர்ஸ் விழும்போது 'கிர்ர்' என்று அரைத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். பிளேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமல்ல. கேபிள் வைத்த வண்டியில் கேபிள் இழுபட்டிருக்கும், அல்லது பெடலில் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் சரியாக இருக்காது. ஹைட்ராலிக் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசியும். ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கும். முதல் கியரில் கிளம்பும்போது வண்டி உதறினால் எஞ்சின் மவுன்ட் ரப்பரை முதலில் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த ரப்பர்தான் பாதி நேரம் குற்றவாளி. இவற்றுக்கெல்லாம் கியர்பாக்ஸைத் தொட வேண்டாம்.

செட்டாக வாங்குவது ஏன்?

கிளட்ச் செட் என்றால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது. "பிளேட் மட்டும் போட்டா போதும் சார், மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை, செலவைக் குறைக்கப் பார்க்கிறார். ஆனாலும் வேண்டாம். பழைய பிரஷர் பிளேட்டின் முகத்தில் பழைய பிளேட்டின் தேய்மானம் பதிந்திருக்கும். அதில் புதுப் பிளேட் முழுதாகப் படியாது. சில வண்டிகளில், குறிப்பாக ஐரோப்பிய டீசல்களில், தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் பிரஷர் பிளேட் வருகிறது. அதன் உள்வளையம் தேய்ந்த பிளேட்டுக்கு ஏற்ற இடத்தில் நின்றிருக்கும். வளையத்தைக் கருவியால் திருப்பி வைக்காமல் புதுப் பிளேட்டைப் போட்டால் பெடலின் பிடிக்கும் இடமே தவறிவிடும்.

ரிலீஸ் பேரிங்கைப் பொறுத்தவரை விவாதமே இல்லை. மூன்றில் விலை குறைந்தது அதுதான். போய்விட்டால் கியர்பாக்ஸை முழுக்க இறக்க வைப்பதும் அதுதான்.

பழைய பிளேட்டில் புது லைனிங் ஒட்டி ரிவெட் அடித்துத் தருவார்கள். லாரிக்காரர்களிடம் இது பழக்கமான வேலை. காருக்கு வேண்டாம் என்பது என் முடிவு. லைனிங் புதிதாகும்; நடுவிலுள்ள ஸ்பிரிங்குகளும், லைனிங்குக்கு நடுவே இருக்கும் அலை வடிவத் தகடும் பழசாகவே இருக்கும். கிளட்ச் மெதுவாகப் பிடிப்பது அந்தத் தகட்டால்தான்.

எந்த லைனிங்?

கார் ஆர்வலர்களிடம் யோசனை கேட்டால் செராமிக், கெவ்லார், 'ஹெவி டியூட்டி' என்று பட்டியல் வரும். தினமும் ஓடும் வண்டிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கம்பெனி எந்த வகை லைனிங்கோடு அனுப்பியதோ, அதே வகை. அது பெரும்பாலும் ஆர்கானிக் லைனிங்தான். சூடில்லாத போதும் மென்மையாகப் பிடிக்கும், வழுக்கும்போதும் ஒரே சீராக வழுக்கும். கோயம்பேடு சிக்னலில் அங்குலம் அங்குலமாக நகரும் வண்டிக்கு அந்தச் சீரான வழுக்கல்தான் தேவை. செராமிக் பட்டன்கள் வைத்த பிளேட் பட்டென்று பிடிக்கும். ரேஸ் வண்டியில் அது நல்ல குணம். நெரிசலில் ஒவ்வொரு கிளம்பலும் ஓர் உதறலாகும், ஃப்ளைவீல் முகத்தையும் அது வேகமாகத் தின்றுவிடும்.

பலத்த ஸ்பிரிங் வைத்த பிரஷர் பிளேட்டையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள். பிடி கூடும், உண்மைதான். ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் அந்தக் கூடுதல் விசை உங்கள் இடது முழங்காலிலும், கேபிளிலும், எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டின் திரஸ்ட் பேரிங்கிலும் போய் இறங்குகிறது. பழைய எஞ்சினில் அந்தத் திரஸ்ட் பேரிங் ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்திருக்கும். எஞ்சினின் சக்தியை நீங்கள் கூட்டவில்லை என்றால் கிளட்ச்சின் பிடியைக் கூட்ட வேண்டிய அவசியமில்லை.

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கிளட்ச்சுக்குப் பெயர்பெற்ற லுக் நிறுவனத்தின் ஆலை ஓசூரில் இருக்கிறது. வேலியோ கிளட்ச்கள் சென்னையில் தயாராகின்றன. ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு எக்ஸெடி. பல வண்டிகளுக்குக் கம்பெனி டப்பாவுக்குள் வருவது இவர்களில் ஒருவருடைய பொருள்தான். எனவே அவர்களின் சொந்த டப்பாவில் வாங்கினால் தரம் குறையாது, விலை குறையலாம். ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கலாம். ஆனால் பில் தரும் கடையில் வாங்குங்கள், பில்லில் பாகத்தின் எண் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பழைய பிளேட்டின் மேல் புதிதை வைத்து விட்டத்தைப் பாருங்கள். நடு ஓட்டைக்குள் இருக்கும் ஸ்பிளைன் பற்களை எண்ணுங்கள். ரிவெட்டுகள் எல்லாம் ஒரே ஆழத்தில், லைனிங் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பிளேட் அளவு மாறியிருப்பதுண்டு. கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேஸிஸ் எண்ணையும் கொடுங்கள்.

ஃப்ளைவீல்: பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்

கிளட்ச்சைக் கழற்றியதும் நேராகத் தெரியும் கனத்த இரும்புச் சக்கரம்தான் ஃப்ளைவீல். எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வெடித்துத் தள்ளுகிறது; 800 ஆர்பிஎம் ஐடிலில் விநாடிக்கு ஏறக்குறைய 27 உதைகள். ஒவ்வோர் உதையையும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்தது வரும்வரை சுற்றலைக் காப்பாற்றுவதுதான் ஃப்ளைவீலின் வேலை. நீங்கள் கிளட்ச்சை விட்டு வண்டியைக் கிளப்பும்போது முதல் இழுப்பு வருவதும் அதில் சேர்ந்திருக்கும் சுழற்சியிலிருந்துதான். 'லைட் வெயிட் ஃப்ளைவீல்' போட்ட வண்டி ரேஸ் ட்ராக்கில் துள்ளும். அதே வண்டி வீட்டு வாசலிலிருந்து ஏற்றத்தில் கிளம்பும்போது அணைந்துபோகும். அணையாமலிருக்க நீங்கள் ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கிளட்ச்சைப் பொசுக்குவீர்கள். தினசரி வண்டியில் அதற்கு இடமில்லை.

பழைய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் ஒரே இரும்பாக வார்த்த ஃப்ளைவீல்தான். அதைப் பார்ப்பது எளிது. பிரேக் கிளீனர் விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய வட்டக் கோடுகள் இயல்பானவை. நீலமும் ஊதாவுமான திட்டுகள் சூட்டின் தழும்பு. அந்த இடத்தில் இரும்பு இறுகியிருக்கும், புதுப் பிளேட் அதன் மேல் வரும்போதெல்லாம் பிடி மாறும், வண்டி உதறும். முடிபோல விரிசல்கள் மேலோட்டமாக இருந்தால் லேத்தில் போய்விடும். நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும் அளவுக்கோ, போல்ட் ஓட்டையை நோக்கி ஓடுவதாகவோ இருந்தால் ஃப்ளைவீலை மாற்றிவிடுங்கள். டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றி முகத்தின் நெளிவைப் பார்க்கச் சொல்லுங்கள், பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை கையேடுகள் விடும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு.

லேத் பட்டறைக்குக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்ல மறக்காதீர்கள். சில ஃப்ளைவீல்களில் பிளேட் உரசும் முகமும், பிரஷர் பிளேட் போல்ட் இறங்கும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். உரசும் முகத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் இழைத்துவிட்டால் பிரஷர் பிளேட்டின் அமுக்கம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். புதுக் கிளட்ச் முதல் வாரமே வழுக்கும். எவ்வளவு இழைத்தாலும் இரண்டு முகத்திலும் ஒரே அளவு இழைக்க வேண்டும். இழைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் நீங்கள் சொல்லாமலேயே அளப்பார்.

சுற்றிலும் இருக்கும் ரிங் கியர் பற்களையும் பாருங்கள். எஞ்சின் எப்போதும் அமுக்கத்தில் முட்டி ஒரே இடங்களில்தான் நிற்கும். நான்கு சிலிண்டரில் இரண்டு இடம், மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டரில் மூன்று இடம். ஸ்டார்ட்டர் கடிப்பது அங்கேதான் என்பதால் பல் தேய்வதும் அங்கேதான். தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். சூடாக்கித்தான் கழற்றுவார்கள், சூடாக்கித்தான் ஏற்றுவார்கள். அதிக நேரம் பிடிக்காது.

டூயல் மாஸ் ஃப்ளைவீல் வண்டி என்றால்

உங்கள் வண்டி ஐரோப்பிய டீசலாக இருந்தால் பேச்சே வேறு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளின் 1.9 டிடிஐ, 2.0 டிடிஐ எஞ்சின்கள் பலவற்றில் வருவது டூயல் மாஸ் ஃப்ளைவீல். இரண்டு இரும்புச் சக்கரங்கள். ஒன்று கிராங்க்கோடு, இன்னொன்று கிளட்ச்சோடு. நடுவே கிரீஸ் நிரம்பிய வளைந்த பள்ளத்தில் நீண்ட ஸ்பிரிங்குகள். எஞ்சினின் உதைகளை அந்த ஸ்பிரிங்குகளே வாங்கிக்கொள்வதால் கியர்பாக்ஸுக்குச் சீரான சுழற்சி மட்டும் போகும். டீசல் வண்டி குறைந்த ஆர்பிஎம்மிலும் அதிராமல் இழுப்பது இதனால்தான். ஐரோப்பாவில் 1985 வாக்கில் லுக் நிறுவனம் இதைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு டீசல் கார்களில் பரவலாகிவிட்டது. விலையும் கிளட்ச் செட்டைவிட அதிகம். அதனால்தான் இதை மாற்றவா விடவா என்று வண்டிக்காரர்கள் தூக்கம் கெட்டுப் போகிறார்கள்.

நான் வைத்திருந்த பழைய டீசல் செடானில் முதல் அடையாளம் எஞ்சினை அணைக்கும்போது வந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நிற்கும் கடைசி விநாடியில் 'டகடக' என்று இரும்புத் தட்டல். பெடலை மிதித்தால் சத்தம் மாறியது. கியர்பாக்ஸை இறக்கியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். ஃப்ளைவீல் இன்னும் எஞ்சினிலேயே மாட்டியிருக்க, மெக்கானிக் அண்ணன் வெளிச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டினார். ஸ்பிரிங் பிடிக்கும்வரை கொஞ்சம் சும்மா சுற்ற வேண்டும். அது பழுதல்ல, புதிதிலும் இருக்கும். இதிலோ ஸ்பிரிங் பிடிக்கவே இல்லை, நேராகப் போய் முட்டியது. பிறகு சக்கரத்தின் மேல் விளிம்பை உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். தேநீர்க் கிளாஸ் மூடி ஆடுவதுபோல ஆடியது. கிளட்ச் மூடியின் உட்புறம் கிரீஸ் வட்டமாகத் தெறித்து, தூசியோடு காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது.

"இது போயிடுச்சு சார். இத வச்சு மூடினா புது கிளட்ச்சயும் சேத்துத் தின்னுடும்."

"அளந்து பாக்க முடியுமாண்ணே?"

"அளக்கலாம். ஆனா கிரீஸ் வெளிய வந்தப்புறம் அளந்து என்ன சார் பண்றது?"

அவர் சொன்னது சரி. கிரீஸ் தெறித்திருந்தால், நீலம் பாரித்திருந்தால், விளிம்பு ஆடினால் மாற்றத்தான் வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் சும்மா சுற்றும் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் ஒவ்வொரு ஃப்ளைவீலுக்கும் தனித்தனி வரம்பு தந்திருக்கிறார். அதற்குள் இருந்தால் தைரியமாக விட்டுவைக்கலாம். டூயல் மாஸை லேத்தில் இழைக்கக் கூடாது.

அடுத்து எல்லோரும் கேட்பது: இதைத் தூக்கிவிட்டு ஒற்றை இரும்பு ஃப்ளைவீல் போடலாமா? பல வண்டிகளுக்கு வேலியோ போன்றவர்கள் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், பிளேட், பேரிங் நான்கும் சேர்ந்த செட்டாகவே விற்கிறார்கள். அந்தச் செட்டில் வரும் பிளேட்டில் நீண்ட தூரம் அமுங்கும் ஸ்பிரிங்குகள் இருக்கும். டூயல் மாஸ் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை அவை செய்யும். அந்தச் செட்டை முழுதாகப் போட்டால் வண்டி ஓடும். ஐடிலில் நியூட்ரலில் கியர்பாக்ஸ் கொஞ்சம் சலசலக்கும், 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே டாப் கியரில் இழுத்தால் அதிர்வு தெரியும். டர்போ குறைந்த ஆர்பிஎம்மிலேயே பலமாக இழுக்கும் 2.0 லிட்டர் டீசல்களில் நான் இதைச் சொல்லமாட்டேன். அந்த உதையெல்லாம் கியர் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் போகும். கியர்பாக்ஸ் போனால் நீங்கள் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லாமல் போகும். வண்டியை இன்னும் ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் டூயல் மாஸுக்கு டூயல் மாஸையே போடுங்கள். எனக்கு அதில் தயக்கமில்லை. நானும் அதைத்தான் போட்டேன்.

ஒரு சேர்க்கையை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். டூயல் மாஸ் வண்டியின் கிளட்ச் பிளேட்டில் பெரும்பாலும் நடு ஸ்பிரிங்குகள் இருக்காது, தேவையுமில்லை. புதுப்பேட்டையில் கிடைத்த ஒற்றை இரும்பு ஃப்ளைவீலோடு அந்த ஸ்பிரிங் இல்லாத பிளேட்டைச் சேர்த்துப் போட்டுவிட்டால், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உதையை வாங்க ஒன்றுமே இருக்காது.

ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

என் செடானின் கியர்பாக்ஸை நான் மூன்று முறை இறக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறைக்குக் காரணம் முதல் முறை நடந்த ஒரு நிமிட அவசரம். வேறொரு பட்டறையில், புதுக் கிளட்ச் போட்டுக் கியர்பாக்ஸை ஏற்றும்போது, இன்புட் ஷாஃப்ட் பிளேட்டுக்குள் பாதி நுழைந்த நிலையில் ஜாக்கைத் தளர்த்திவிட்டார்கள். கியர்பாக்ஸின் முழுக் கனமும் சில விநாடிகள் பிளேட்டின் நடுவில் தொங்கியது. அப்போது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே ரிவர்ஸ் அரைக்க ஆரம்பித்தது. பிளேட் வளைந்துவிட்டது, வளைந்த பிளேட் பெடலை முழுதாக மிதித்தாலும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய இரண்டாவது முறை இறக்கியபோது கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்றச் சொல்லாமல் விட்டேன். எட்டு மாதத்தில் அது கசிந்து பிளேட்டை நனைத்தது. டூயல் மாஸ் போனதைப் பார்த்தது அந்த மூன்றாவது இறக்கத்தில்தான்.

அதனால் கியர்பாக்ஸ் ஜாக்கை, இன்புட் ஷாஃப்ட் முழுதும் உள்ளே போய்ப் போல்ட்டுகள் பிடிக்கும்வரை தளர்த்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், இருந்தால் பைலட் பேரிங், ரிலீஸ் ஃபோர்க் புஷ் இவற்றைக் கிளட்ச் செட்டோடு சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள். பேரிங்கோடு ஒன்றாக உள்ளேயே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் வண்டி என்றால் அதையும். ஃப்ளைவீல் போல்ட்டுகள் இறுக்கும் கோணம் குறிப்பிட்டவையாக இருந்தால் ஒருமுறைதான் பயன்படும். புதிது வேண்டும், டார்க் ரெஞ்ச் வேண்டும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பிளைனில் கிரீஸ் தடவி அதிகமானதைத் துடைத்துவிட வேண்டும். மிஞ்சியது லைனிங்கில்தான் தெறிக்கும். பழைய கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய, பெயரில்லாத லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முதல் 500 கிலோமீட்டர்

புது லைனிங் படிய நகருக்குள் சாதாரணமாக 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதுவரை கொடைக்கானல் மலை வேண்டாம், நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் நிற்பதும் வேண்டாம். கிளட்ச்சை விடும்போது எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கிளம்பும்போது கிளட்ச்சில் சூடாகும் சக்தி அந்த வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1200-இல் விடுவதற்குப் பதில் 2000-இல் விட்டால் சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு.

பட்டறையிலிருந்து கிளம்பும்போது பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். ரிவெட் தலை லைனிங்குக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதென்று அளந்து பாருங்கள், 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான் பெரும்பாலான கையேடுகள் சொல்லும் கடைசி எல்லை. இரண்டு முகமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் வண்டி சரியாக ஓடியிருக்கிறது. கண்ணாடிபோல மின்னிக் கருகியிருந்தால் பெடல் மேலேயே கால் இருந்திருக்கிறது. ஓரத்தில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் மெக்கானிக்குக்குப் போன் செய்து, எந்த சீல் கசிந்தது, அதை மாற்றினாரா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.